முறிந்த பனையும் பேசும் அத்தியும்



லண்டனுக்கு என்னை அழைத்த சங்கத்தார், "டீச்சர், இலக்கியம் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், பிள்ளைகளும் கேட்பார்கள்" என்றார்கள். பிள்ளைகள் கேட்பார்கள் என்று சொன்னதால்தான் இந்தப் பொருளை எடுத்தேன். இடப்பெயர்வையும் உள்நாட்டுப் போரையும் இயற்கையையும் ஒன்றாகப் பின்னி, நடக்க முடியாததை நடந்தது போலவே சொல்லும் நாவல்கள் இருக்கின்றன. மாய யதார்த்தம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் எழுத்து அது. அந்த மாயம் எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

நான் சென்னீர்குப்பத்துக்காரி. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பூந்தமல்லிக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். பூந்தமல்லி என்றதும் சிலருக்கு மல்லிகை நினைவுக்கு வரும், சிலருக்குத் திருக்கச்சி நம்பி நினைவுக்கு வருவார். இந்த அவையில் வேறு சிலருக்கு ஒரு நீதிமன்றம் நினைவுக்கு வரும். 1991 மே 21 இரவு, அதே நெடுஞ்சாலையில் மேற்கே இருக்கிற ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரைச் சுற்றி நின்ற காவலர்களும் பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பூந்தமல்லி தடா தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள் என்றது, மற்ற 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஈழத் தமிழர்களை அடைத்து வைத்த சிறப்பு முகாம் ஒன்றும் பூந்தமல்லியில் இருந்தது.

ஆக, கடலுக்கு அப்பால் நடந்த போர் எங்கள் வட்டாரத்துக்குக் காகிதமாக வந்து சேர்ந்தது. குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, காவல் நிலையப் பதிவேடு. தமிழ்நாட்டில் 2021-இல் ஈழத் தமிழர் 58,000 பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். அதே ஆண்டு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. ஏறத்தாழ 34,000 பேர் முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு 'வெளிப்பதிவு' என்று பெயர். வசிக்கும் இடத்துக் காவல் நிலையத்தில் பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்களும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. அந்த அக்காவுக்கு வலிகாமம் பக்கம் ஊர். வந்த புதிதில் வீட்டுக்காரரிடம் அவர் கேட்ட முதல் அனுமதி, பின்பக்கம் ஒரு மாங்கன்று வைத்துக்கொள்ளலாமா என்பதுதான். கறுத்தக்கொழும்பான். யாரோ உறவினர் மூலம் எப்படியோ வந்து சேர்ந்த கன்று. எங்கள் மண்ணை அள்ளி விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, "இது களி, ரீச்சர். எங்கட செம்மண் எண்டா மூண்டு நாலு வரியத்தில காய்ச்சுப்போடும்" என்றார். கன்று பிழைத்தது, ஆனால் காய்க்கவில்லை. ஒருநாள் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தன் வளவில் இருந்த பெரிய மரத்தைப் பற்றிச் சொன்னார். மரத்தின் பாதியை ஷெல் கொண்டு போய்விட்டது. ஆனாலும் அடுத்த பருவத்தில் மிச்சக் கிளைகளில் காய் தொங்கியது. ஒருத்தரும் பறிக்கவில்லை. ஏன் அக்கா என்று கேட்டேன். "கீழ ஆர் ஆர் கிடக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. சுடலைக்குக் கொண்டுபோக நேரமில்லை. மரத்திட்டைத்தான் குடுத்திட்டு வந்தனாங்கள்" என்றார்.

மரத்திடம் கொடுத்துவிட்டு வந்தோம் என்கிறார். கதை சொல்லும் தோரணையோ அழுகையோ இல்லை. அரிசி விலை சொல்வது போலத்தான் சொன்னார். அந்த மரம் தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு நம்பிக்கை கூட இல்லை, தகவல். அந்தத் தகவலை எழுதிக்கொள்ள எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. பெயர், வயது, வந்த நாள், வந்த வழி என்று கேட்கிற படிவம், உங்கள் ஆட்களை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்பதில்லை.

நாவல் அங்கேதான் நுழைகிறது என்று நான் நினைக்கிறேன்.

கார்சியா மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' சுகுமாரன், ஞாலன் சுப்பிரமணியன் மொழிபெயர்ப்பில் 2013-இல் தமிழுக்கு வந்தது. அதைப் பறக்கும் கம்பளத்துக்காகவும் வானத்துக்கு ஏறிப்போகும் பெண்ணுக்காகவும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு முக்கியம் வாழைத்தோட்டத் தொழிலாளர் படுகொலை. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகா ஊரில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது உண்மை வரலாறு. நாவலில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்படுகிறார்கள். பிணங்களை ஏற்றிய ரயிலில் கண்விழிக்கும் ஒருவன் குதித்துத் தப்பி ஊருக்கு வருகிறான். வந்து கேட்டால், இங்கே யாரும் சாகவில்லை என்கிறார்கள். அரசும் அதையே சொல்கிறது. அதன் பிறகு மழை பிடிக்கிறது. நான்கு ஆண்டு, பதினோரு மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்கிறது.

இடத்தைக் கவனியுங்கள். மனிதர்கள் சாட்சி சொல்ல மறுத்த இடத்தில் வானம் வேலையை எடுத்துக்கொள்கிறது. அந்த மழை அலங்காரத்துக்குப் பெய்த மழை இல்லை.

இதைக் கேட்கும்போது உங்களில் பலருக்கு 2009 நினைவுக்கு வந்திருக்கும். வன்னியில் மக்கள் ஒரு மணல் துண்டுக்குள் நெருக்கப்பட்டுக் கிடந்தபோது, பொதுமக்கள் உயிரிழப்பே இல்லை என்று இலங்கை அரசு உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2011-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு, இறந்தவர்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. பூஜ்யத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் நடுவே இருப்பவர்களை எங்கே எழுதுவது? கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் 2017 பிப்ரவரி முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை ஏந்தி உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, இனி வருவது உங்களுக்காக. உங்கள் வயதில் ஒரு பெண், பெயர் அடா, இதே லண்டனில் படிக்கிறாள். வகுப்பில் திடீரென்று எழுந்து அலறுகிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. எலிஃப் ஷஃபாக் என்ற துருக்கிய எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதி 2021-இல் வெளிவந்த 'தி ஐலண்ட் ஆஃப் மிஸ்ஸிங் ட்ரீஸ்' நாவலில் வருகிறவள் அவள். அப்பா கிரேக்க சைப்ரஸ்காரர். இறந்துபோன அம்மா துருக்கிய சைப்ரஸ்காரர். 1974-இல் தீவு இரண்டாகப் பிளந்த கதையை அவர்கள் மகளிடம் சொன்னதே இல்லை. மகளுக்குப் பாரம் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்த வீட்டில் கதை தெரிந்த இன்னொருவர் உண்டு. தோட்டத்தில் நிற்கும் அத்திமரம். சைப்ரஸில் ஒரு மதுக்கடையின் நடுவே கூரையைப் பிளந்து வளர்ந்த அத்தியிலிருந்து ஒரு போத்தை வெட்டி அப்பா கொண்டு வந்திருக்கிறார். லண்டன் குளிருக்குத் தாங்காது என்று குளிர்காலத்தில் அதைச் சாய்த்துக் குழிவெட்டிப் புதைத்து வைக்கிறார். மண்ணுக்குள் படுத்துக்கொண்டு அத்தி பேசுகிறது. நாவலின் ஒரு பகுதியை அதுதான் சொல்கிறது.

இங்கே கறிவேப்பிலைத் தொட்டியை அக்டோபர் மாதம் வீட்டுக்குள் தூக்கி வைக்காத தமிழ்க் குடும்பம் உண்டா? அந்த அப்பாவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

குறை இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். அத்தி சில பக்கங்களில் தாவரவியல் பாடப்புத்தகம் மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறது. கொசுவும் தேனீயும் வந்து சொல்லும் செய்திகள் கதைக்கு வசதியாக இருக்கின்றன என்று தோன்றும் இடங்களும் உண்டு. ஆனால் ஷஃபாக் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மதுக்கடையை நடத்திய இருவரில் ஒருவர் கிரேக்கர், ஒருவர் துருக்கியர். இருவரும் காணாமல் போகிறார்கள். இதை ஒரு கிரேக்கப் பாத்திரம் சொன்னால் துருக்கியர் நம்ப மாட்டார்கள், துருக்கியப் பாத்திரம் சொன்னால் கிரேக்கர் நம்ப மாட்டார்கள். மரம் இரண்டு கட்சியிலும் இல்லை. அதன் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சைப்ரஸில் காணாமல் போனவர்களைத் தேடும் குழு 1981-இல் அமைந்தது. அதன் பட்டியலில் 2,002 பேர்: 1,510 கிரேக்க சைப்ரஸ்காரர்கள், 492 துருக்கிய சைப்ரஸ்காரர்கள். இரு தரப்பு ஆய்வாளர்களும் சேர்ந்துதான் தோண்டுகிறார்கள். ஆயிரம் பேருக்கு மேல் அடையாளம் கண்டு வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அடாவின் அம்மா நாவலில் செய்யும் வேலையும் அப்படி எலும்பு தேடும் வேலைதான்.

மரத்தை உறவாக்குவது நமக்குப் புதிதில்லை. நற்றிணையின் 172-ஆம் பாடலைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் அறிவார்கள். சிறுமிகள் விளையாட்டாய் மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்து மரமாகிறது. தாய் அதைக் காட்டி, அது உன் சகோதரி என்கிறாள். அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசப் பெண் நாணுகிறாள். அக்காவின் மாமரமும் அந்தப் புன்னையின் வழியில் வந்ததுதான். போர் மட்டும் இடையில் புகுந்திருக்கிறது.

இனிப் பனைக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜினி திராணகம. சக ஆசிரியர்கள் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து, இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, விடுதலைப் புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யார் செய்த அநியாயமானாலும் எழுதி வைத்தார். கதை எழுதவில்லை. வாக்குமூலங்களும் நாளும் இடமும் கொண்ட அறிக்கை. அந்த அறிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'முறிந்த பனை'. ஷெல்லில் தலை இழந்து நிற்கும் பனையை வடக்கில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு உரை தேவையில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. புத்தகம் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து அவர் ஒரு நாவலில் மறுபடியும் வருகிறார். 2022-இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா'. கதைநாயகன் மாலி போர்ப் புகைப்படக்காரன். முதல் பக்கத்திலேயே செத்துப்போய்விட்டான். கண் திறந்தால் மறுலோகம். அது சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. நம்முடைய அரசு அலுவலகம்! கூட்டம், கூச்சல், கவுன்ட்டர்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் பெரிய பேரேட்டை வைத்துக்கொண்டு செத்தவர்களைப் பதிவு செய்கிறார் ஒரு தமிழ்ப் பெண்மணி. கொல்லப்பட்ட பல்கலைக்கழக விரிவுரையாளர். பெயரை மாற்றி வைத்திருந்தாலும் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டவர் என்று ஈழ வரலாறு தெரிந்த எவருக்கும் புரிந்துவிடும்.

உயிரோடு இருந்தபோது யாருடைய பிணத்தையும் விட்டுவிடாமல் எழுதியவருக்கு, செத்த பிறகும் அதே வேலையைக் கொடுத்திருக்கிறார் ஒரு சிங்கள எழுத்தாளர். இதை முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை. ராஜினிக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களில் இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை என்பது என் எண்ணம்.

அந்த நாவலில் பேய்களுக்கு ஒரு விதி உண்டு. காற்றில் ஏறி, தங்கள் உடல் போன இடத்துக்கெல்லாம் போகலாம். தங்கள் பெயரை யாராவது சொன்னால் அந்த இடத்துக்கும் போகலாம். செத்துப்போன சிறுத்தை ஒன்று வந்து மனிதர்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறது. கொழும்பின் பேரை ஏரி பிணங்களை வாங்கிக்கொள்கிறது. 1983 கலவரத்தின் படங்கள் ஒரு கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்கின்றன, செத்தவன் அவற்றை உலகத்துக்குக் காட்டத் தவிக்கிறான். புலிகள், ராணுவம், ஜே.வி.பி., இந்தியப் படை என்று எவரையும் நாவல் சலுகையோடு நடத்தவில்லை. ஈழம் பற்றிப் பேசும் மேடைகளில் நமக்குப் பழகிய வசதி, நம் பக்கத்துப் பிணத்தை மட்டும் எண்ணுவது. இந்த நாவல் அந்த வசதியைக் கொடுப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாலையோரம் வாழ்கிறவளாக எனக்கு அது தேவைப்பட்டது.

தமிழில் இந்த எழுத்துமுறை வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985-இல் வந்தது. அதன் பிறகு ஒரு காலம் மாய யதார்த்தம் நாகரிகமாகிவிட்டது. மீன் பேசியது, நிழல் நடந்தது, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. எஸ். ராமகிருஷ்ணனின் 'நெடுங்குருதி' அந்த வகையில் சேராது. வேம்பலை என்ற வறண்ட ஊர். எறும்புகள் சாரைசாரையாக ஊரைக் காலி செய்து போகின்றன. மனிதர்கள் பின்னால் போகிறார்கள். கோடை, காற்று, மழை, பனி என்று பருவங்களே நாவலின் பகுதிகளாக இருக்கின்றன. களவுத் தொழிலில் தள்ளப்பட்டு, அதிகாரத்தால் வேட்டையாடப்பட்ட ஒரு கூட்டத்தின் கதை. குற்றப் பரம்பரை என்று 1871 முதல் போட்ட சட்டங்களில் எத்தனையோ ஊர்களின் வரலாறு 'குற்றவாளி' என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோனது. அந்த ஊர்களின் வேப்பமரங்களுக்கு வேறு கதை தெரியும்.

ஈழத்திலிருந்து வந்த பெரும்பாலான நாவல்கள் மாயத்தின் பக்கம் போகவில்லை. போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' பிரெஞ்சு அரசுக்கு எழுதும் அகதி விண்ணப்பமாகத் தொடங்குகிறது. விண்ணப்பத்தின் கட்டங்களை வைத்தே, அந்தக் கட்டங்களுக்குள் அடங்காத வாழ்க்கையைக் காட்டிவிடுகிறது. சயந்தனின் 'ஆதிரை' மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக் காட்டோரம் வந்து மண்ணைத் திருத்தியவர்களில் ஆரம்பித்து 2009 வரை போகிறது. காடு அதில் பின்னணி இல்லை, வீடு கொடுத்த ஆள். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைக்குப் போய், தேயிலையிலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்து முள்வேலிக்குள் அடைபட்டவர்களின் மூன்று தலைமுறைப் பயணத்தைத் தமிழ்நாட்டு வாசகர்கள் இன்னும் போதுமான அளவு படிக்கவில்லை. இதைக் குறையாகவே சொல்கிறேன்.

நாவல்களுக்கு வெளியே, 2025-இல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் செம்மணியில் மனிதப் புதைகுழியைத் தோண்டினார்கள். 1999-இல் 15 உடல்கள் எடுக்கப்பட்ட அதே செம்மணி. இந்த முறை சித்துப்பாத்தி மயானத்தில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. நீல நிறப் பள்ளிப் பை ஒன்று கிடைத்தது. ஒரு பொம்மை, சிறு வளையல்கள். அங்கே மண் இருபது முப்பது ஆண்டுகள் வைத்திருந்து, கேட்டவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்.

பெற்றோரிடம்: அடாவின் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம். ஊரில் என்ன நடந்தது என்று நேரடியாகச் சொல்ல வாய் வராவிட்டால், வளவில் என்ன மரம் நின்றது என்பதிலிருந்து தொடங்குங்கள். அம்மம்மாவைப் பிள்ளைகள் கேட்கட்டும். எத்தனை பனை, கிணற்றடியில் என்ன, வேலியில் கிளுவையா பூவரசா, யார் நட்டது, கடைசியாக எப்போது பார்த்தது. மிச்சம் தானாக வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இது ஈழத்தவர் விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். ஏரி இருந்த இடத்தில் வீடு கட்டி, பிறகு ஊரையும் விட்டு வந்தவர்கள் நம்மிலும் உண்டு.

சங்கத்திடம்: உங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் ஓட்டமாகப் படிக்கும் பிள்ளைகளாதலால் முதலில் ஷஃபாக்கைக் கொடுங்கள். அது கைபிடித்து அழைத்துப் போகும். அடுத்து கருணாதிலக. அதில் வன்முறையும் வசைச்சொற்களும் உண்டு, பதினேழு பதினெட்டு வயதுக்கு மேல் போதும், பெரியவர் ஒருவர் கூட இருந்து படிப்பது நல்லது. மூன்றாவதாக 'ஆதிரை'யைத் தமிழிலேயே, வாரம் ஒரு அத்தியாயமாக, பெற்றோரும் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். யாழ்ப்பாணப் பேச்சையும் மலையகப் பேச்சையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இந்த அவையிலேயே ஆட்கள் இருக்கிறீர்கள். 'நெடுங்குருதி'யிலும் 'ஆதிரை'யிலும் சில பிரதிகளைச் சென்னையிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கின்றன. வாசிப்பு வட்டத்தை நடத்த முன்வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வந்தால் தேதியை இன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.